2.7 கிலோமீட்டர் வானம்: வெஸ்ட்ரேயிலிருந்து பாப்பா வெஸ்ட்ரே வரை

திங்கள், எடின்பரோ

ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஆர்க்னித் தீவுகள். அவற்றில் வெஸ்ட்ரே என்ற தீவிலிருந்து பக்கத்துத் தீவான பாப்பா வெஸ்ட்ரேவுக்கு ஒரு விமானம் போகிறது. தூரம் 2.7 கிலோமீட்டர். அட்டவணையில் போட்டிருக்கும் நேரம் 2 நிமிடம். வழக்கமாகப் பறக்கும் பயணிகள் விமானங்களில் உலகிலேயே மிகக் குறுகிய பயணம் இதுதான். 1967ஆம் ஆண்டிலிருந்து நடக்கிறது. அதில் ஏறத்தான் இந்த வாரம் கிளம்பியிருக்கிறேன்.

எடின்பரோவில் அக்கா வீட்டில் தங்கல். அக்காவும் கூட வருகிறாள். இத்தனை வருடம் இந்த ஊரில் இருந்தும் அவள் ஆர்க்னிப் பக்கம் போனதில்லை. "ஏன்டா, அந்த ரெண்டு நிமிஷத்துக்கா இவ்வளவு தூரம்?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. பதிலை வழியெல்லாம் எழுதிக்கொண்டே போகலாம் என்று இருக்கிறேன்.

இரண்டு விமான நிலையங்களின் பெயரைப் போட்டு இணையத்தில் தேடினால் தூரம் இவ்வளவு, பறக்கும் நேரம் இவ்வளவு என்று இரண்டு எண்கள் வந்து விழும். தூரம் பெரும்பாலும் சரியாக இருக்கும். நேரத்துக்குப் பல கணிப்பான்கள் வைத்திருக்கும் சூத்திரம் ரொம்ப எளிது. தூரத்தை மணிக்கு 800 கிலோமீட்டர் என்ற வேகத்தால் வகுப்பார்கள், ஏறி இறங்க அரை மணி நேரம் சேர்ப்பார்கள், அவ்வளவுதான். லிஸ்பனிலிருந்து ஹெல்சிங்கிக்கு, ஐரோப்பாவின் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு, 3,300 கிலோமீட்டருக்கு மேல் பறக்கும்போது அந்த விடை ஓரளவு ஒத்துப்போகும். அதே சூத்திரத்தை வெஸ்ட்ரேவுக்கும் பாப்பா வெஸ்ட்ரேவுக்கும் போட்டால் 30 நிமிடம் 12 விநாடி என்று வருகிறது! தூரம் குறையக் குறைய, அந்த எண்ணுக்குள் மறைந்திருக்கும் மற்ற சங்கதிகள் ஒவ்வொன்றாக வெளியே வருகின்றன. காற்று, ஓடுபாதை, தரையில் நிற்கும் மனிதர்கள். அவற்றைக் கிட்டே போய்ப் பார்க்க எனக்கு ரொம்ப நாளாக ஆசை.

நாளை எடின்பரோவிலிருந்து ஆர்க்னியின் தலைநகரான கிர்க்வாலுக்குப் போகிறோம். இந்தத் தூரத்தைக் கணக்கிட இணையமே வேண்டாம். கிர்க்வால் எடின்பரோவுக்குக் கிட்டத்தட்ட நேர் வடக்கே இருக்கிறது. எடின்பரோ விமான நிலையம் 55.95 பாகை அட்சரேகையில், கிர்க்வால் 58.96 பாகையில். வித்தியாசம் 3 பாகை. ஒரு பாகைக்கு 60 நிமிடம் (கடிகார நிமிடம் இல்லை, கோணத்தின் சிறு பிரிவு). அட்சரேகையில் ஒரு நிமிடம் என்பது ஒரு கடல் மைல். ஆக 180 கடல் மைல். ஒரு கடல் மைல் 1,852 மீட்டர் என்பதால் 333 கிலோமீட்டர். கிர்க்வால் கொஞ்சம் கிழக்கே ஒதுங்கியிருப்பதையும் சேர்த்தால் சுமார் 336. விமானிகள் இன்றும் கடல் மைலை விடாமல் வைத்திருப்பதில் எவ்வளவு வசதி இருக்கிறது என்று இந்த வடக்குத் திசைப் பயணத்தில்தான் நன்றாகப் புரிகிறது. வரைபடத்தின் ஓரத்தில் இருக்கும் கோடுகளே அளவுகோல்.

தரை வழியாகவும் போகலாம். இன்வர்னெஸ் வரை ரயிலில் மூன்றரை மணி நேரம், அங்கிருந்து தர்சோவுக்கு இன்னொரு ரயிலில் ஏறக்குறைய நான்கு மணி நேரம், அப்புறம் ஸ்க்ராப்ஸ்டர் துறையிலிருந்து ஸ்ட்ராம்னஸுக்குக் கப்பலில் ஒன்றரை மணி நேரம். நடுவில் காத்திருப்பதையும் சேர்த்தால் ஒரு முழுப் பகல் போய்விடும்.

செவ்வாய், கிர்க்வால்

வந்து சேர்ந்தாயிற்று. டிக்கெட்டில் போட்டிருந்தது 1 மணி 10 நிமிடம். புரொப்பல்லர் வைத்த ஏடிஆர் விமானம். கதவு மூடியதிலிருந்து நான் கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இடத்தை விட்டு நகர்ந்து ஓடுபாதையிலிருந்து எழும்புவதற்கு 11 நிமிடம் ஆனது. காற்றில் இருந்தது 48 நிமிடம். கிர்க்வாலில் தரை தொட்டு, நிறுத்துமிடத்துக்கு வந்து நிற்க 4 நிமிடம். மொத்தம் 63. சொன்ன நேரத்துக்கு 7 நிமிடம் முன்னால் வந்துவிட்டோம்.

டிக்கெட்டில் இருப்பது பறக்கும் நேரம் என்றுதான் நாம் நினைக்கிறோம். விமானத் துறையில் அதைப் பிளாக் டைம் என்பார்கள். சக்கரத்துக்குக் கொடுத்திருக்கும் தடைக்கட்டையை எடுத்து விமானம் நகர்வதிலிருந்து, போய்ச் சேர்ந்த இடத்தில் மறுபடி கட்டை வைக்கும்வரை உள்ள நேரம். அதில் ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, வரிசையில் நிற்பது, இறங்கியபின் ஊர்வது எல்லாம் அடங்கும். நெரிசல் உள்ள நிலையங்களுக்கு இன்னும் சில நிமிடங்களைக் கூட்டியே போடுவார்கள். ஆம்ஸ்டர்டாமில் போல்டர்பான் என்ற ஓடுபாதையில் இறங்கியவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். அங்கே தரை தொட்ட பிறகு கட்டிடத்துக்கு வந்து சேரவே கால் மணி நேரம் ஆகிவிடும்.

'வந்து சேர்ந்த நேரம்' என்றால் எந்த நேரம்? இந்தக் கேள்வி ஐரோப்பிய நீதிமன்றம் வரை போயிருக்கிறது. ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி விமானம் மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமாக வந்தால், நிறுவனத்தின் கைக்கு மீறிய காரணம் இல்லாதவரை, பயணிக்கு இழப்பீடு உண்டு. சால்ஸ்பர்கிலிருந்து கொலோனுக்கு வந்த ஒரு விமானம் தரை தொட்டபோது தாமதம் 2 மணி 58 நிமிடம். நிறுத்துமிடத்துக்கு வந்தபோது 3 மணி 3 நிமிடம். எதைக் கணக்கில் எடுப்பது? விமானத்தின் ஒரு கதவாவது திறக்கும் நேரம்தான் வந்து சேர்ந்த நேரம் என்று 2014இல் தீர்ப்பானது. அதுவரை பயணி வெளியுலகத்தோடு பேச முடியாமல், எழுந்து போக முடியாமல் அடைபட்டுத்தான் இருக்கிறார் என்பது நீதிபதிகள் சொன்ன காரணம். அந்தக் காரணம் எனக்கு மிகவும் பிடித்தது. ஓர் இயந்திரம் தரையைத் தொடும் கணத்தை விட்டுவிட்டு, மனிதன் மறுபடி தன் இஷ்டப்படி நடமாடும் கணத்தை எடுத்துக்கொண்டார்கள்.

சரி, 48 நிமிடக் கணக்கைப் பார்ப்போம். ஏடிஆர் மேலே சமமாகப் பறக்கும்போது அதன் வேகம் மணிக்குச் சுமார் 275 கடல் மைல். 180 கடல் மைலுக்கு 39 நிமிடம் போதும். ஏறும்போதும் இறங்கும்போதும் வேகம் குறைவு, ஓடுபாதைக்கு நேராக வந்து சேரக் கொஞ்சம் சுற்ற வேண்டும். மிச்ச 9 நிமிடம் அதற்குப் போய்விட்டது. இந்தப் பக்கத்தில் காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து வரும். லண்டனிலிருந்து வார்சாவுக்குப் போகிறவர்களை அது பின்னாலிருந்து தள்ளும், திரும்பும்போது மறிக்கும். அதனால் போகும் நேரமும் வரும் நேரமும் வேறு வேறு. நாங்கள் நேர் வடக்கே பறந்ததால் காற்று விலாவில் அடித்தது. மூக்கைக் கொஞ்சம் மேற்கே திருப்பிப் பிடித்தால் போதும், நேரத்தில் அதிக மாற்றம் இல்லை.

ஜன்னல் வழியே பார்த்ததைச் சொல்லாமல் விடக்கூடாது. கேர்ன்கார்ம் மலைகளின் பள்ளங்களில் ஜூன் மாதத்திலும் திட்டுத்திட்டாய்ப் பனி. அப்புறம் மோரே வளைகுடா, கெய்த்னஸின் தட்டையான கரை, அதைத் தாண்டி பென்ட்லண்ட் நீரிணை. கடைசியில் ஸ்காப்பா ஃப்ளோ. முதல் உலகப் போர் முடிந்ததும் ஜெர்மன் கடற்படையின் 74 கப்பல்களை இங்கேதான் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள். 1919 ஜூன் 21 அன்று ஜெர்மானிய மாலுமிகளே தங்கள் கப்பல்களின் அடைப்புகளைத் திறந்துவிட்டு மூழ்கடித்தார்கள். 52 கப்பல்கள் அடியில் போய்விட்டன. மேலிருந்து பார்த்தால் அமைதியான ஏரிபோல் இருக்கிறது.

மாலையில் புனித மேக்னஸ் தேவாலயத்துக்குப் போனோம். 1137இல் தொடங்கிய கட்டிடம், சிவப்பும் மஞ்சளுமாய் மணற்கல். ஆர்க்னி அப்போது நார்வே மன்னருக்குக் கட்டுப்பட்ட பிரபுக்கள் கையில் இருந்தது. தூண்களைத் தொட்டபடி அக்கா ரொம்ப நேரம் நின்றாள். நாளை காலை வெஸ்ட்ரேவுக்குக் கிளம்ப வேண்டும்.

புதன், இன்னும் கிர்க்வால்

போகவில்லை. மூடுபனி.

காலையில் எழுந்து பார்த்தால் தெருமுனை தெரியவில்லை. இந்தக் கிழக்குக் கரையோரங்களில் இதற்கு ஹார் என்று பெயர். வசந்தத்திலும் கோடையிலும் கிழக்கிலிருந்து வரும் ஈரக் காற்று குளிர்ந்த கடலின் மேல் படியும்போது குளிர்ந்து மூடுபனியாகத் திரண்டு, அப்படியே கரையேறி வருகிறது. விமான நிலையத்துக்குப் போய் உட்கார்ந்தோம். சிறு தீவுகளின் ஓடுபாதைகளில், பெரிய நிலையங்களில் இருப்பதுபோல் பனிக்குள்ளும் விமானத்தை வழிநடத்தி இறக்கும் கருவிகள் கிடையாது. விமானிக்கு ஓடுபாதை கண்ணில் தெரிய வேண்டும். பத்து மணிக்குப் பார்க்கலாம் என்றார்கள், அப்புறம் பன்னிரண்டு என்றார்கள். பிற்பகலில் இன்று இல்லை என்று சொல்லிவிட்டார்கள். யாரும் கோபப்படவில்லை. பக்கத்தில் இருந்தவர்கள் தேநீர்க் கோப்பையோடு அரட்டை அடித்துக்கொண்டிருந்தார்கள்.

எங்களுக்கு எதிரே வயலின் பெட்டியோடு ஒரு பெண்மணி. தீவுப் பள்ளிகளுக்கு மாறி மாறிப் போய் இசை கற்றுக்கொடுப்பவராம். அக்காதான் பேச்சுக் கொடுத்தாள். "வானம் தெளிவாக இருந்தால் காலையில் போய்ப் பாடம் நடத்திவிட்டு மாலை வீட்டுக்கு வந்துவிடுவேன். கப்பல் என்றால் பல நாள் அங்கேயே தங்க வேண்டிவரும்" என்றார். இன்று வெஸ்ட்ரேயில் பிள்ளைகள் வயலினை எடுத்து வைத்துக்கொண்டு காத்திருப்பார்கள் என்று சொன்னபோது மட்டும் அவர் முகம் கொஞ்சம் வாடியது. ஆசிரியர்கள், மருத்துவர்கள், செவிலியர்கள், கால்நடை மருத்துவர்கள் எல்லாம் இப்படித்தான் தீவு தீவாகப் பறந்து வேலை செய்கிறார்கள்.

ஆர்க்னியில் சுமார் 70 தீவுகள். 20 தீவுகளில் ஆள் இருக்கிறார்கள். மொத்த மக்கள் தொகை சுமார் 22,000. கிர்க்வாலிலிருந்து சிறு விமானம் ஆறு தீவுகளுக்குப் போகிறது: ஈடே, சாண்டே, ஸ்ட்ரான்சே, வெஸ்ட்ரே, பாப்பா வெஸ்ட்ரே, நார்த் ரொனால்ட்சே. கடைசித் தீவில் கடற்பாசி தின்று வளரும் ஆடுகள் இருக்கின்றன. இன்னொரு முறை அங்கேயும் போக வேண்டும்.

சேவையை நடத்துவது லோகன்ஏர். 1962இல் வில்லி லோகன் என்ற கட்டுமான முதலாளி வாடகை விமானமாக ஆரம்பித்தது. டே நதியின் சாலைப் பாலத்தைக் கட்டிய நிறுவனம் அவருடையது. 1967இல் ஆர்க்னித் தீவுகளுக்குள் பறக்கத் தொடங்கினார்கள். 2006 வரை நோயாளிகளைக் கிர்க்வாலுக்குக் கொண்டுவரும் ஆம்புலன்ஸ் வேலையையும் இதே சிறு விமானங்கள் பார்த்தன. டிக்கெட் பணம் மட்டும் இந்தச் சேவைக்குக் கட்டாது. ஆர்க்னித் தீவுகளின் மன்றம் இதைப் பொதுச் சேவையாக ஒப்பந்தம் போட்டு மானியம் கொடுக்கிறது. தீவுகளின் ஓடுபாதைகளையும் மன்றமே பராமரிக்கிறது.

குறுகிய விமானப் பயணம் என்றாலே இப்போது ஐரோப்பாவில் முகம் சுளிக்கிறார்கள். பிரான்ஸ் 2023இல் ஒரு சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. இரண்டரை மணி நேரத்துக்குள் ரயிலில் போக முடிந்தால் அங்கே விமானம் கூடாது. பாரிஸின் ஓர்லியிலிருந்து போர்தோ, நான்த், லியோன் ஊர்களுக்குப் போன சேவைகள் நின்றுபோயின. அந்தச் சட்டம் சரி என்றுதான் நினைக்கிறேன். ஆனால் தூரத்தை மட்டும் வைத்து ஒரு விமானத்தை வீண் என்று சொல்லிவிட முடியாது என்று இன்று அந்தக் காத்திருப்பு அறையில் உட்கார்ந்திருந்தபோது தோன்றியது. அங்கே ரயில் இருக்கிறது. இங்கே கடல் இருக்கிறது. இன்னொரு நல்ல விஷயம், இவ்வளவு குறைந்த தூரம் புதிய வகை விமானங்களைச் சோதிக்கத் தோதானது. 2021 ஆகஸ்டில், எரிபொருளும் மின்சாரமும் சேர்ந்து இயக்கும் ஒரு சிறு விமானம் கிர்க்வாலிலிருந்து கடல் தாண்டி விக் நகருக்குச் சோதனையாகப் பறந்துபோனது.

இரவு பத்தரை. வெளிச்சம் இன்னும் போகவில்லை, பனியும் போகவில்லை.

வியாழன், வெஸ்ட்ரே

காலை எட்டு மணிக்கே நல்ல வெயில். வந்துவிட்டோம்!

விமானத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். பிரிட்டன்–நார்மன் ஐலண்டர். வைட் தீவில் பிறந்த விமானம், முதலில் பறந்தது 1965 ஜூன் 13 அன்று. இறக்கை உடம்புக்கு மேலே, இரண்டு பிஸ்டன் எஞ்சின், சக்கரம் உள்ளே மடங்காது. பயணிகள் எட்டுப் பேர். நடுவில் நடக்க வழி கிடையாது. கார் கதவைத் திறந்து ஏறுவதுபோல் அந்தந்த வரிசைக்குரிய கதவைத் திறந்து ஏறி உட்கார வேண்டும். எடையைப் பார்த்து யார் எங்கே உட்காருவது என்று அவர்களே சொல்கிறார்கள். விமானிக்குப் பக்கத்து இருக்கை அக்காவுக்குக் கிடைத்தது. விமானியே திரும்பி உட்கார்ந்து பாதுகாப்பு விஷயங்களைச் சொன்னார். பணிப்பெண் இல்லை, திரை இல்லை. அவர் கை எங்கே போகிறது, எந்த முள் நகர்கிறது என்று எல்லாம் பின்னால் இருக்கும் நமக்கும் தெரிகிறது. எஞ்சின் சத்தத்தில் பேச முடியாது.

கிர்க்வாலிலிருந்து வெஸ்ட்ரே ஓடுபாதை சுமார் 44 கிலோமீட்டர், அதுவும் நேர் வடக்கே. கால் மணி நேரம். தாழ்வாகப் பறந்ததால் வயலில் மேயும் மாடுகள், தனித்தனியாக நிற்கும் பண்ணை வீடுகள், மணல் திட்டின் மேல் பச்சையாகத் தெரியும் கடல் எல்லாம் கை நீட்டினால் தொடலாம் போலிருந்தன. வயலின் ஆசிரியையும் எங்களோடு வந்தார்.

வெஸ்ட்ரேயில் 600 பேர் இருப்பார்கள். பியரவால் என்ற ஊரில் தங்கியிருக்கிறோம். இங்கே உள்ள சிறு அருங்காட்சியகத்தில் 'வெஸ்ட்ரே வைஃப்' என்று ஒரு சிற்பம். 2009இல் நோல்ட்லண்ட் மணற்குன்றுகளில் அகழ்ந்தபோது கிடைத்தது. மணற்கல்லில் செதுக்கிய மனித உருவம், உயரம் நான்கு சென்டிமீட்டர்தான், வயது 5,000 ஆண்டு. ஸ்காட்லாந்தில் கிடைத்த புதிய கற்கால மனித உருவங்களில் முதலாவது இதுதான். இரண்டு புள்ளி கண், வளைந்த புருவம். பிற்பகலில் தெற்கே ஒரு பாறைத் தூணில் பஃபின் பறவைகளைப் பார்த்தோம். அவற்றைப் பற்றித் தனியாக எழுத வேண்டும், இன்று முடியாது.

வெஸ்ட்ரேயின் ஓடுபாதை தீவின் வடகிழக்கு முனையில், ஏக்கர்னஸ் என்ற இடத்தில். மாலை அங்கே வரை நடந்து போனோம். எதிரே பாப்பா வெஸ்ட்ரே தெளிவாகத் தெரிந்தது. வீட்டுக் கூரைகளை எண்ணலாம்.

வெள்ளி, பாப்பா வெஸ்ட்ரே

இன்றைய விமானம் கிர்க்வாலிலிருந்து வந்து, இரண்டு பேரை இறக்கிவிட்டு, எங்களை ஏற்றிக்கொண்டது. இந்த முறை முன் இருக்கை எனக்கு.

விமானங்கள் முடிந்தவரை எதிர்க்காற்றில்தான் எழும்பும், இறங்கும். மேற்குக் காற்று அடித்தால் பாப்பா வெஸ்ட்ரேவுக்கு முதுகைக் காட்டி எழும்பி, வளைந்து திரும்ப வேண்டும், 2.7 கிலோமீட்டருக்கு அந்த வளைவே பெரிய சுற்று. இன்று காற்று மெல்லக் கிழக்கிலிருந்து வந்தது. ஓடுபாதையின் மேற்குக் கோடிக்கு ஊர்ந்துபோய்த் திரும்பியதும், எதிரே ஓடுபாதை, அதன் முடிவில் கடல், கடலுக்கு அப்பால் நாங்கள் போக வேண்டிய தீவு, மூன்றும் ஒரே கோட்டில். ஓடுபாதை அரைக் கிலோமீட்டர்தான். அதில் பாதியைக்கூடத் தொடவில்லை, எழும்பிவிட்டோம்.

சக்கரம் தரையை விட்ட கணத்தில் கடிகாரத்தை ஓட விட்டேன். முதல் இருபது விநாடி ஏற்றம். கரை கீழே நழுவியது. அப்புறம் நீர், அடியில் கிடக்கும் பாசி வரை தெரிகிற தெளிவான நீர். விமானி எஞ்சினின் வேகத்தைக் குறைத்தது காதில் கேட்டது. ஏறி முடிப்பதற்குள் இறக்கம் ஆரம்பித்துவிட்டது. சமமாகப் பறந்தோம் என்று சொல்ல இடையில் ஒன்றுமே இல்லை. கடல் நடுவில் திரும்பிப் பார்த்தால் பின்னால் விட்டுவந்த ஓடுபாதை, முன்னால் இறங்க வேண்டிய ஓடுபாதை, இரண்டும் கண்ணில். இடது பக்கம் அட்லாண்டிக் வெறுமையாக விரிந்து கிடந்தது. விமானி ஒரு சின்ன வளைவு எடுத்து நேராக்கினார். சரளைக் கற்கள் சக்கரத்தில் உரசும் சத்தம். ஒரு நிமிடம் 18 விநாடி.

அதாவது சராசரியாக மணிக்கு 125 கிலோமீட்டர். நெடுஞ்சாலையில் போகும் காரின் வேகம். இந்தப் பாதையின் சாதனை 53 விநாடி, ஸ்டூவர்ட் லிங்க்லேட்டர் என்ற விமானி பறந்தது. அவருடைய சராசரி மணிக்கு 183 கிலோமீட்டர் வருகிறது. ஓய்வு பெறுவதற்குள் இந்தத் தூரத்தை 12,000 முறைக்கு மேல் பறந்தவர் அவர். எடின்பரோவின் ஓடுபாதை இரண்டரைக் கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். அதாவது திங்கட்கிழமை ஜன்னலில் இருந்து பார்த்த பெரிய விமானங்களின் ஓடுபாதையில் நாங்கள் இன்று எழும்பி, அந்தக் கோடியிலேயே இறங்கியிருக்கலாம். இந்த 2.7 கிலோமீட்டருக்குச் சான்றிதழும் தருகிறார்கள். அக்கா அதை மடிக்காமல் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டாள்.

எனக்கு மனதில் நின்றது இறங்கிய பிறகு பார்த்தது. ஓடுபாதையின் ஓரத்தில் ஒரு சின்னக் கட்டிடம், பக்கத்தில் தீயணைப்பு வண்டி, அதற்குரிய உடுப்பில் இரண்டு பேர். அவர்கள் இதற்காகவே சம்பளம் வாங்கும் முழுநேர ஊழியர்கள் இல்லை; உள்ளூர்க்காரர்கள். விமானம் வரும் நேரத்துக்குச் சொந்த வேலையை நிறுத்திவிட்டு, ஓடுபாதையில் ஆடு மாடு இல்லை என்று பார்த்துவிட்டு வந்து நிற்கிறார்கள். விமானம் போனதும் உடுப்பைக் கழற்றிவிட்டுப் பண்ணைக்குத் திரும்புகிறார்கள். அவர்கள் வந்து நிற்காவிட்டால் விமானம் இறங்காது. 90 பேர் சொச்சம் உள்ள ஒரு தீவு, இந்த ஒன்றரை நிமிடத்துக்காகத் தினமும் தன் ஆட்களை அனுப்பி வைக்கிறது. இந்த நேரம் எந்தக் கணிப்பானிலும் வராது. அக்காவின் திங்கட்கிழமைக் கேள்விக்கு நான் பதில் தேடிக்கொண்டிருக்க, அவளே அந்த இரண்டு பேரையும் காட்டி, "இதைப் பாக்க வரலாம்டா" என்றாள்.

பாப்பே என்று சுருக்கமாகச் சொல்கிறார்கள் இந்தத் தீவை. கூட்டுறவுக் கடை ஒன்று இருக்கிறது, அதை ஒட்டித் தங்கும் விடுதி. பையை வைத்துவிட்டு மேற்குக் கரையில் உள்ள நாப் ஆஃப் ஹவருக்கு நடந்தோம். கல்லால் கட்டிய இரண்டு வீடுகள், சுவரோடு சுவராக, நடுவில் குனிந்து போகும் ஒரு வழி. பொது ஆண்டுக்கு முன் 3700 வாக்கில் இங்கே ஆள் குடியேறிவிட்டார்கள். எகிப்தின் பெரிய பிரமிடுக்கு ஆயிரம் ஆண்டு முந்தியது. வட ஐரோப்பாவில் இன்றும் நிற்கும் கல் வீடுகளில் இதுவே மிகப் பழையதாகச் சொல்கிறார்கள். உள்ளே மாவரைத்த கல் அப்படியே கிடக்கிறது. கல்லில் தேய்ந்த குழிவை அக்கா கையால் தடவிப் பார்த்தாள்.

அந்தக் காலத்தில் வெஸ்ட்ரேவும் பாப்பா வெஸ்ட்ரேவும் ஒரே நிலமாக இருந்திருக்கலாம் என்று கருதப்படுகிறது. அப்படியானால் நாங்கள் இன்று பறந்த தூரத்தை அந்த வீட்டுக்காரர்கள் நடந்தே போயிருப்பார்கள். அரை மணி நேரம் ஆகியிருக்கும். கடல் நடுவில் வந்த பிறகு அதே தூரம் வேறு தூரமாகிவிட்டது.

பிற்பகலில் வடக்குக் குன்று. பறவைகளுக்கான காப்பிடம். ஆர்க்டிக் ஆலாக்கள் அங்கே தரையில் முட்டையிட்டிருந்தன. கிட்டே போனால் தலைக்கு மேல் பாய்ந்து கொத்த வரும் என்பதால் விலகியே நடந்தோம். 100 கிராம் எடைகொண்ட இந்தப் பறவை வடதுருவப் பக்கம் குஞ்சு பொரித்துவிட்டு, அண்டார்க்டிகா வரை போய்த் திரும்புகிறது. கிரீன்லாந்தில் ஆலாக்களின் காலில் சிறு கருவி கட்டிப் பார்த்த ஆய்வில், ஒரு பறவை ஆண்டுக்குச் சராசரியாக 70,000 கிலோமீட்டர் பறப்பது தெரியவந்தது. அவையும் நேர்க்கோட்டில் போவதில்லை. காற்று எந்தப் பக்கம் உதவுகிறதோ அதை ஒட்டி வளைந்து வளைந்து போகின்றன. பெரிய விமானங்கள் அட்லாண்டிக்கைத் தாண்டும்போது செய்வதும் இதுதான். இங்கேயே, கிழக்குப் பாறைகளில், 1813இல் பறக்கத் தெரியாத கிரேட் ஆக் பறவைகளில் ஆர்க்னியில் மிஞ்சியிருந்த கடைசி ஒன்றைச் சுட்டுக் கொன்றார்கள். அதற்கு ஒரு நினைவுக்கல் இருக்கிறது. அதன் முன்னால் நிற்கக் கஷ்டமாக இருந்தது.

சனி, மறுபடி கிர்க்வால்

திரும்பும்போது வேண்டுமென்றே படகைப் பிடித்தோம். பாப்பேயிலிருந்து பியரவாலுக்கு ஆட்களை மட்டும் ஏற்றிக்கொள்ளும் சிறு படகு. 25 நிமிடம். நீரோட்டம் பக்கவாட்டில் இழுத்ததால் படகும் நேராகப் போகாமல் ஒரு வில் போல வளைந்து போனது. அங்கிருந்து பேருந்தில் தீவின் தெற்குக் கோடியில் இருக்கும் ராப்னஸ் துறை. அப்புறம் கார்களையும் ஏற்றும் கப்பலில் கிர்க்வாலுக்கு ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். காத்திருந்ததையும் சேர்த்தால் பாதி நாள். கடல் அமைதியாக இருந்ததால் சுகமான பயணம். கப்பல் தளத்தில் அக்கா தூங்கியே விட்டாள்.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். வெஸ்ட்ரேவுக்கும் பாப்பேவுக்கும் இடையே போகும் பயணத்துக்கு இருக்கைகள் கொஞ்சம்தான். கோடையில் சீக்கிரம் தீர்ந்துவிடும், முதலில் அதைப் பதிவு செய்துவிட்டு மற்றதைத் திட்டமிடுங்கள். சில நாட்களில் விமானம் முதலில் பாப்பேவுக்குப் போய்விட்டுத்தான் வெஸ்ட்ரேவுக்கு வரும். அப்போது இந்தச் சிறு பயணம் எதிர்த்திசையில் கிடைக்கும், அதுவும் அதே தூரம்தான். எடின்பரோவிலிருந்து ஊருக்குத் திரும்பும் பெரிய விமானத்தை அதே நாளில் வைத்துக்கொள்ளாதீர்கள். நடுவில் ஒரு நாளாவது சும்மா விடுங்கள், பனி எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. முன் இருக்கை வேண்டும் என்று கேட்டால் எடையைப் பார்த்துக் கொடுப்பார்கள். பாப்பேயில் ஓர் இரவாவது தங்குங்கள். இறங்கி அடுத்த விமானத்திலேயே திரும்பினால் சான்றிதழ் கிடைக்கும், நாப் ஆஃப் ஹவரின் மாவரைத்த கல்லைப் பார்க்க முடியாது.

எங்கள் எடின்பரோ விமானம் நாளை பிற்பகல். அட்டவணையில் 1 மணி 10 நிமிடம்.